பெரிப்ளஸ்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் கிரேக்க மூலமும் கொற்கைக் கரையும்

கொற்கையைப் பற்றியும் முத்துக்குளித்துறையைப் பற்றியும் எழுதப்படும் கட்டுரைகளில் 'பெரிப்ளஸ் கூறுகிறது' என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. திருநெல்வேலிச் சீமையில் வரலாறு படிக்கும் மாணவர்களில் பலர் அதை ஒரு கிரேக்கப் பயணியின் பெயர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆளின் பெயரன்று. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த, அதிகம் புழங்காத ஒரு பொதுச்சொல். சொல்லின் பொருள் தெளிவாகிவிட்டால், நம் கடற்கரையைப் பற்றி அந்தப் பழைய ஏடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதும் தெளிவாகும். அதனால்தான் இச்சொல்லைப் பற்றி எழும் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே விடை எழுதியிருக்கிறேன்.

பெரிப்ளஸ் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒரு கடலையோ தீவையோ கரையோரமாகக் கப்பலில் சுற்றிவருவது முதற்பொருள். அவ்வாறு கரையை ஒட்டிச் செல்லும்போது வரிசையாக எதிர்ப்படும் துறைமுகங்கள், முனைகள், ஆற்றுமுகங்கள், இடையிலுள்ள தொலைவுகள் ஆகியவற்றை எழுதிவைத்த ஏடு இரண்டாம் பொருள். இன்று புழங்குவது பெரும்பாலும் இரண்டாம் பொருளே. கட்டுரைகளில் காணும் 'பெரிப்ளஸ்' ஒரு நூலைக் குறிக்கிறது. அதுவும் அந்த நூலின் முழுப்பெயரன்று, பெயரின் முதற்சொல் மட்டுமே.

எப்படி உச்சரிப்பது? பன்மை என்ன?

ஆங்கிலத்தில் முதலசையை அழுத்திப் 'பெரிப்ளஸ்' என்பார்கள். மூலமான கிரேக்கச் சொல் 'பெரிப்ளூஸ்'. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது அதன் இலத்தீன் வடிவத்தை. கிரேக்க முறையில் பன்மை 'பெரிப்ளோய்'. ஆய்வாளர்கள் ஆங்கிலத்திலும் அந்தப் பன்மையையே விரும்பி எழுதுகிறார்கள்.

இந்தச் சொல்லைக் கிரேக்கத்தில் எப்படிப் பிரிப்பது?

'பெரி' என்பது சுற்றி, சூழ எனப் பொருள்படும் முன்னொட்டு. 'ப்ளூஸ்' என்பது கடற்பயணம்; 'ப்ளெயோ', அதாவது 'கப்பலில் செல்கிறேன்' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். இரண்டும் சேர்ந்தால் 'சுற்றிச் செல்லும் கடற்பயணம்'.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரு பகுதிகளும் முற்றிலும் அந்நியமானவை அல்ல. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மூலக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், கிரேக்கத்தின் 'பெரி'க்கு உடன்பிறந்தது சமஸ்கிருதத்தின் 'பரி'. வடசொற்களின் வழியாக அது தமிழிலும் நன்றாகவே புழங்குகிறது. பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் சாஸ்தா கோயிலுக்குச் சென்று மூலவரை வணங்கிய பிறகு பரிவார தெய்வங்களுக்கும் படையல் இடுகிறார்களே, அந்தப் 'பரிவாரம்' சூழ இருப்பதைக் குறிக்கும் அதே 'பரி'யைக் கொண்டது.

'ப்ளூஸ்' என்பதற்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'ப்லு' என்னும் வேருக்கு மிதத்தல், நீந்துதல் என்று பொருள். 'ப்லவ' என்றால் தெப்பம், ஓடம். நமது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 35ஆவதாக வரும் 'பிலவ' ஆண்டின் பெயர் இதுதான். 2021 சித்திரையில் பிறந்த ஆண்டு அது. இரு பகுதிகளையும் சேர்த்தால் கிடைக்கும் 'பரிப்லவ' என்னும் சொல்லும் சமஸ்கிருதத்தில் உண்டு. சுற்றி மிதப்பது, அலைவது என்பது அதன் பொருள். பொருள் சற்றே விலகியிருந்தாலும், 'பெரிப்ளூஸ்' கட்டப்பட்டிருக்கும் அதே இரு கூறுகளால் கட்டப்பட்ட சொல் அது. ஆங்கிலத்தின் 'ஃப்ளோ', 'ஃப்ளோட்', கப்பற்படையைக் குறிக்கும் 'ஃப்ளீட்' ஆகியவையும் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

'பெரி' என்பது தமிழின் 'பெரிய' என்பதோடு தொடர்புடையதா?

இல்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

இதே 'பெரி' வேறு எந்த ஆங்கிலச் சொற்களில் உள்ளது?

பள்ளிக் கணக்கில் படிக்கும் 'பெரிமீட்டர்' (சுற்றளவு), நீர்மூழ்கிக் கப்பலின் 'பெரிஸ்கோப்', இதயத்தைச் சூழ்ந்த உறையான 'பெரிகார்டியம்' ஆகியவற்றில் உள்ளது. பள்ளிக்கூட மணியடித்து மாறும் 'பீரியட்' கூட அதைச் சேர்ந்ததுதான்: 'பெரி' என்பதோடு வழி எனப் பொருள்படும் 'ஹொதோஸ்' சேர்ந்து, ஒரு சுற்று முடிந்து திரும்பும் காலம் என்றானது.

இப்படிப்பட்ட ஏட்டில் என்ன எழுதியிருக்கும்?

நிலப்படம் கையிலில்லாமல் கரையை வலப்புறமோ இடப்புறமோ வைத்துக்கொண்டு செல்லும் மாலுமிக்கு எவை தேவையோ அவை. இந்தத் துறையிலிருந்து அடுத்த துறை எத்தனை ஸ்தாதியம் அல்லது எத்தனை நாள் ஓட்டம், எங்கே குடிநீர் கிடைக்கும், எங்கே மணல்திட்டு மறைந்திருக்கிறது, எந்த முனையைத் தாண்டியதும் விரிகுடா திறக்கும் என்பன போன்ற செய்திகள். ஸ்தாதியம் என்பது 600 கிரேக்க அடி. நம் கணக்கில் ஏறத்தாழ 185 மீட்டர்.

உவரியிலும் மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த அறிவு புதிதன்று. கரையிலுள்ள மணல்மேட்டையும் கோயில் கோபுரத்தையும் கோடுபிடித்து இடத்தை அறிவதும், வாடையிலும் கொண்டலிலும் சோழகத்திலும் கச்சானிலும் எந்தக் கரை அடைக்கலம் தரும் என்று சொல்வதும் இன்றும் வாய்வழியாகக் கைமாறும் கல்வி. கிரேக்கர்கள் அதை ஏட்டில் எழுதினார்கள், எழுதியதற்கு ஒரு பெயரும் இட்டார்கள்.

எஞ்சியிருக்கும் பெரிப்ளோய்கள் சிலவே. மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் ஒன்று ஸ்கைலாக்ஸ் என்பவரின் பெயரில் வழங்கினாலும் உண்மையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேறொருவர் எழுதியது. ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் ஆளுநராக இருந்த ஆரியன் கருங்கடலைப் பற்றி ஒன்று எழுதினார். கார்த்தேஜ் நகரத்து ஹன்னோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் சென்ற பயணம் கிரேக்க மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதன் இறுதியில் உடலெங்கும் மயிரடர்ந்த ஒரு கூட்டம் 'கொரில்லாய்' என்று குறிப்பிடப்படுகிறது. 1847இல் பெருங்குரங்கு ஒன்றுக்கு 'கொரில்லா' என்று பெயரிட்டபோது அந்தப் பெயர் இந்தப் பெரிப்ளசிலிருந்தே எடுக்கப்பட்டது.

அப்படியானால் நம் கட்டுரைகள் மேற்கோள் காட்டுவது எந்தப் பெரிப்ளஸ்?

'எரித்ரையக் கடலின் பெரிப்ளஸ்' என்பது. 'எரித்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் சிவப்பு. ஆனால் அக்காலத்துக் கிரேக்கர்கள் அந்தப் பெயரை இன்றைய செங்கடலுக்கு மட்டும் வழங்கவில்லை; பாரசீக வளைகுடாவும் இந்தியப் பெருங்கடலும் அதில் அடங்கின. தமிழில் 'செங்கடல் பயணம்' என்று இந்நூலைக் குறிப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், செங்கடலைப் பற்றிய நூலில் கொற்கை எப்படி வந்தது என்ற ஐயம் எழும்.

எழுதியவர் பெயர் தெரியாது. எகிப்தில் வாழ்ந்த, கிரேக்கம் பேசிய ஒரு வணிகர் என்பதும், காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பதும் நூலின் உள்ளிருந்தே பெறப்படுகின்றன. நபத்திய அரசர் மாலிகஸைத் தன் காலத்தவராக அவர் குறிப்பிடுவது இந்தக் காலக்கணிப்புக்கு ஒரு முக்கியமான சான்று. ஆதாரமாக உள்ள பழைய கையெழுத்துப்படி 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருக்கிறது. ஹன்னோவின் பயணமும் ஆரியனின் கருங்கடல் பெரிப்ளசும் அதே சுவடித் தொகுப்பில் இருப்பதால், இந்த நூலையும் ஆரியனே எழுதினார் என்று முற்காலத்தில் தவறாகக் கருதிவந்தார்கள்.

மற்றப் பெரிப்ளோய்களிலிருந்து இதற்கு ஒரு வேறுபாடு உண்டு. மாலுமிக்கு உதவும் செய்திகளைவிட வணிகருக்கு உதவும் செய்திகள் இதில் மிகுதி: எந்தத் துறையில் எது விலைபோகும், எதை வாங்கலாம், எந்த மாதத்தில் புறப்பட வேண்டும் என்பவை. மேற்குக் கரைத் துறைகளான முசிறியையும் நெல்கிந்தாவையும் பற்றிய பகுதியில் மிளகு, முத்து, தந்தம், பட்டு, ஆமை ஓடு என்று சரக்குகளின் வரிசையே வருகிறது. பண்டைத் தமிழக வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தேடிவருவதற்கு இதுவே காரணம்.

தென்பாண்டிக் கரையைப் பற்றி அது என்ன சொல்கிறது?

மிகச் சுருக்கமாகவே சொல்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நூலில் கொற்கைக்கு நீண்ட வருணனை இருப்பதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது.

இன்றைய பதிப்புகள் நூலை 66 பகுதிகளாகப் பிரிக்கின்றன. அவற்றில் 58, 59 ஆகிய இரண்டும் நமக்குரியவை. 58ஆவது பகுதி கேரளக் கரையின் தென்கோடியிலிருந்து 'கொமார்' வரை வருகிறது. எஞ்சிய வாழ்நாளைத் தெய்வத்துக்கு ஒப்படைக்க விரும்பும் ஆடவரும் பெண்டிரும் அங்கே வந்து நீராடித் துறவு வாழ்வை மேற்கொள்வதாகவும், ஒரு பெண்தெய்வம் முன்னொரு காலத்தில் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்லப்படுவதாகவும் அது குறிக்கிறது. கன்னியாகுமரியை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சரக்குக் கணக்கு எழுதவந்த ஒரு வணிகர் அந்தக் கரையில் நீராடுவோரைப் பற்றி நின்று எழுதியிருப்பது இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

59ஆவது பகுதி, கொமாரிலிருந்து 'கொல்கோய்' வரை நிலம் நீள்கிறது, அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, தண்டனை பெற்றவர்கள் அதில் ஈடுபடுத்தப்படுகிறார்கள், அது பாண்டிய மன்னனுக்கு உரியது என்கிறது. கொல்கோயைப் பற்றிய செய்தி அவ்வளவுதான். அடுத்து ஏடு வடக்கே நகர்ந்து, 'அர்கரு' என்னும் உள்நாட்டு ஊரையும் அங்கிருந்து ஏற்றுமதியாகும் மெல்லிய துணியையும் பேசுகிறது. தாமிரபரணி ஆறு இந்த நூலில் இல்லை.

'கொல்கோய்' கொற்கைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இடமும் முத்தும் பாண்டியனும் பொருந்துகின்றன என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் எழுத்தைப் பற்றியது. இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்து, திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் ஆங்கிலத்தில் எழுதிய கால்டுவெல், ஊரின் பழைய வடிவம் 'கொல்கை' என்று கருதினார். 'கல்' என்பதோடு பன்மை விகுதியான 'கள்' சேர்ந்து 'கற்கள்' ஆவதுபோல லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிந்து கொற்கை ஆயிற்று என்பதும், கிரேக்க வடிவம் அந்தப் பழைய லகரத்தைக் காத்துவைத்திருக்கிறது என்பதும் அவர் கொள்கை. தமிழ்ப் புணர்ச்சி விதியோடு இது இசைகிறது.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 'கொல்கோய்' என்பது கருங்கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த ஒரு மக்களைக் குறிக்கக் கிரேக்கர்கள் முன்பே வைத்திருந்த பெயர். கேட்ட தமிழ்ப் பெயரைத் தமக்குப் பழக்கமான பெயரின் அச்சில் அவர்கள் எழுதியிருக்க இடமுண்டு. ஆகவே கிரேக்க எழுத்துகளை ஒன்றுவிடாமல் தமிழ் ஒலியின் பதிவாகக் கொள்வது சரியாகாது.

கொற்கையில் குற்றவாளிகள்தாம் முத்துக்குளித்தார்களா? பரதவர்கள் இதை ஏற்பார்களா?

இந்தக் கேள்வி கடற்கரை ஊர்களில் மனவருத்தத்தோடு கேட்கப்படுகிறது. அந்த வருத்தம் நியாயமானது. பெரிப்ளஸ் அப்படிச் சொல்வது உண்மை. அதை மறைத்துவிட்டு 'பெரிப்ளஸ் கொற்கை முத்தைப் புகழ்கிறது' என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு பெரிப்ளஸ் எத்தகைய நூல் என்பதை இங்கே நினைக்க வேண்டும். அது துறைவிட்டுத் துறை கேட்டும் கண்டும் தொகுத்த வணிகக் குறிப்பு. மேற்குக் கரையின் துறைகளைப் பற்றி எழுதும்போது ஆசிரியர் கண்ணால் கண்டவர்போல நுணுக்கமாக எழுதுகிறார்; குமரியைத் தாண்டியதும் செய்திகள் மெலிந்து, தொலைவுகளும் திசைகளும் குழம்புகின்றன. கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை, மேற்கிலிருந்த வணிகர்களிடம் கேட்டதை எழுதினார் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுவது இதனால்தான்.

தமிழ் இலக்கியம் காட்டும் காட்சி வேறு. அகநானூற்றின் 350ஆம் பாடலில், வலம்புரிச் சங்கைக் குளித்தெடுத்த பரதவர்கள் சங்கு முழங்கக் கரையிறங்குகிறார்கள். ஆரவாரம் மிக்க கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தையும் சங்கு வளையையும் அங்கே வாழ்ந்த மக்களையும் சிறப்பித்துப் பாடுகிறது. தண்டனைத் தொழிலாக நடந்த ஒன்றை ஊரே திரண்டு வரவேற்றதாகப் பாடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசனுக்குரிய முத்துப்பார்களில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) சில வேளைகளில் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம். அது பரதவர்களின் குலத்தொழிலை மறுப்பதாகாது. கடலடியிலுள்ள பார்களை அறிந்து மூச்சடக்கி இறங்கும் திறன் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் பழக்கத்தால் மட்டுமே போகக்கூடியது. தூத்துக்குடியின் குளியாளிகள் 1961ஆம் ஆண்டுச் சலாபம் (முத்துக்குளிப்பு) வரை அதைக் காத்துவந்தார்கள்.

கொற்கையில் இப்போது கடலே இல்லையே?

ஆம். ஊர் இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6, 7 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. துறைமுகமும் கரையைப் பின்தொடர்ந்தது: கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்து எழுதிய துறை அதுதான். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆன பிறகு ஆற்றுமுகத்தில் புன்னைக்காயலும், வடக்கே தூத்துக்குடியும் எழுந்தன. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பின்படி, பெரிப்ளஸ் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள்.

'சோலென்' என்று தாமிரபரணியைக் குறிப்பிடுவது இந்த நூல்தானா?

அல்ல. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமியின் புவியியல் நூல். அவரும் கொல்கோயை வணிகத்துறை என்று குறித்து, அதனருகே சோலென் ஆற்றின் முகத்தை வைக்கிறார். அந்த ஆறு தாமிரபரணி என்பது பொதுவான கருத்து. ஆனால் தாலமியின் நூல் பெரிப்ளஸ் வகையைச் சேர்ந்ததன்று. இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை தந்து நிலப்படம் வரைவதற்காக எழுதப்பட்டது. தேர்வுத்தாள்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இவ்விரு நூல்களின் செய்திகளும் கலந்துவிடுகின்றன. மாணவர்கள் இதைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது.

தமிழில் இதற்கு என்ன சொல் வழங்கலாம்?

'கரையோரக் கடற்பயண ஏடு' என்று விரித்துச் சொன்னால் யாருக்கும் விளங்கும். பழந்தமிழில் பயணத்துக்குச் 'செலவு' என்று பெயர். தலைவன் பிரிந்துபோக எண்ணித் தயங்குவதைச் 'செலவழுங்குதல்' என்கிறோம். அதை ஒட்டிக் 'கடற்செலவு ஏடு' என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் செலவு என்பது இன்று பணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் முதன்முறை எழுதும்போது விளக்கம் தேவைப்படும். நூலின் பெயராக வரும்போது பெரிப்ளஸ் என்றே வைத்துக்கொள்வதுதான் குழப்பமில்லாத வழி.

எழுதும்போது நேரும் தவறுகள் எவை?

'பெரிப்ளஸ் என்ற கிரேக்க அறிஞர்', 'பெரிப்ளஸ் கொற்கைக்கு வந்தபோது' என்று எழுதுவதே முதன்மையான தவறு. 'எரித்ரையக் கடலின் பெரிப்ளஸ் என்னும் நூலை எழுதிய, பெயர் தெரியாத ஆசிரியர்' என்று எழுத வேண்டும். அடுத்து, தரைவழிப் பயண நூல்களுக்கு இச்சொல் பொருந்தாது. 'ப்ளூஸ்' என்பது கடலிலும் கப்பலிலும் செல்வதற்கே உரியது. குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ போய்வந்ததை எழுதி அதற்கு இந்தப் பெயரை இட முடியாது. மணப்பாட்டிலிருந்து இடிந்தகரை வரை வள்ளத்தில் கரையோரமாகச் சென்று துறைகளை வரிசையாகக் குறித்தால் அது எல்லா வகையிலும் ஒரு பெரிப்ளஸ்.

நூலை ஆங்கிலத்தில் படிக்க எந்த மொழிபெயர்ப்பு ஏற்றது?

வில்ஃபிரட் ஷாஃப் 1912இல் வெளியிட்டது எளிதில் கிடைக்கும். குறிப்புகள் விரிவானவை என்றாலும் பல ஊர் அடையாளங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டுவிட்டன. லயனல் காஸன் 1989இல் கிரேக்க மூலத்தோடு வெளியிட்ட பதிப்பு அதைவிட நம்பகமானது. கல்லூரி நூலகத்தில் இரண்டும் இருந்தால் 58, 59ஆம் பகுதிகளை இரண்டிலும் அருகருகே வைத்துப் படிக்கலாம். படித்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்.